பஸ் கிளம்புறதுக்குள்ள

கொழுந்து பறிக்கையில் சுமலதா நிற்கிற தேயிலை வரிசைக்குப் பக்கத்து நிரை தனக்குக் கிடைக்க வேண்டுமென்று மேல்பாறை எஸ்டேட்டில் பெண்களுக்குள் எப்போதும் ஒரு போட்டி உண்டு. காலையில் கந்தன் மேஸ்திரி ஆள் பிரிக்கும்போதே, "ஏனுங்க மேஸ்திரி, என்னைய அந்தப் பக்கமே போட்டு உடுங்க" என்று நாலைந்து பேர் நச்சரிப்பார்கள். அவள் கை பாட்டுக்குக் கொழுந்தை வெட்டிப் பைக்குள் தள்ளிக்கொண்டிருக்கும். வாய் பாட்டுக்குக் கதை சொல்லிக்கொண்டிருக்கும். பஸ்ஸில் கண்டக்டர் சில்லறை கேட்டுச் சண்டை போட்ட கதை என்றால், அந்தப் பஸ் எந்த வருஷம் அந்த ரோட்டுக்கு வந்தது, முதல் டிரைவர் யார், அவருக்கு எந்த ஊரில் பெண் எடுத்தார்கள் என்று மலையைச் சுற்றிக்கொண்டு வந்து, பத்து மணித் தேத்தண்ணி வரும்போதுதான் சில்லறையில் வந்து நிற்பாள். அதற்குள் நிரை முடிந்திருக்கும். இடுப்பு வலித்தது யாருக்கும் தெரிந்திருக்காது.

அவள் புருஷன் நவநீதன் நேர்மாறு. கவாத்து வெட்டுகிறவன். வயசான தேயிலைச் செடியை இடுப்பளவில் வெட்டி, மறுபடி துளிர்க்க விடுகிற வேலை. அவனைப் பெற்றவர்கள் இலங்கையில் ஹட்டன் பக்கத்துத் தோட்டத்திலிருந்து கப்பலேறி வந்தவர்கள். ஒரு நாள் முழுக்க அவன் பேசுகிற பேச்சை ஒரு தீப்பெட்டிக்குள் அடைத்துவிடலாம் என்பாள் சுமலதா. அதைக் கேட்டு அவன் சிரிப்பான். சிரிப்பதும் சத்தமில்லாமல்தான்.

அந்த வருஷம் தேயிலை விலை தரையைத் தொட்டிருந்தது. சிறு விவசாயிகள் கோத்தகிரிப் பக்கம் பந்தல் போட்டு உட்கார்ந்திருந்தார்கள். ஏலத்துக்குப் போன தூள் கேட்க ஆளில்லாமல் கிடந்தது. ஐப்பசி மழை பிடித்துக்கொண்ட ஒரு காலையில் எஸ்டேட் ஆபீஸ் கதவில் தாள் ஒட்டினார்கள். இனி வாரத்தில் மூன்று நாள்தான் வேலை. பதினாறு வீடு ஒட்டி வரிசையாக நின்ற லயத்தில் ஐந்து வீடு ஏற்கெனவே பூட்டிக் கிடந்தது. எல்லோரும் திருப்பூர்.

நவநீதனின் அண்ணன் சுரேந்திரன் அங்கேதான் பனியன் கம்பெனியில் இருந்தான். தாள் ஒட்டிய சேதி எட்டியதும் போன் போட்டான்.

"தம்பி, ரெண்டு பேத்துக்கும் சொல்லி வச்சிருக்கேன். கார்த்திகை முடியறதுக்குள்ள வந்துருங்க. ரூமும் பாத்தாச்சு."

"ம்" என்றான் நவநீதன்.

அந்த "ம்"முக்கு என்ன அர்த்தம் என்று சுமலதா கேட்டாள். சாயங்காலம். வெளியே பனி இறங்கி எதிர் லயம் மறைந்திருந்தது. தேங்காய் ரொட்டி கல்லில் வெந்துகொண்டிருந்தது. ரொட்டியும் தொட்டுக்கொள்ளச் சம்பலும் அவள் மாமியாரிடம் பழகியது. அவள் பிறந்த வீடு காரமடை. அங்கே களிதான்.

"போகோணுமாங்க?"

"வேற என்ன செய்யிறது."

"எனக்கு அந்தச் சூடு ஆவாதுங்க."

"எனக்குந்தான்" என்றான். பிறகு ரொட்டியைப் பிட்டு வாயில் வைத்துக்கொண்டான். அன்றைக்கு அவ்வளவுதான் பேச்சு.

வேலையில்லாத நாள்களில் வீட்டில் உட்கார்ந்தால் இருவருக்கும் திருப்பூர் நினைப்புத்தான் வந்தது. கோயமுத்தூர் ஹாஸ்டலில் தங்கி நர்சிங் படிக்கிற மகள் பிரியாதான் ஒரு நாள் போனில் சொன்னாள்: "அம்மா, சும்மாதானே இருக்க. தபித்தாள் பெரியம்மா ஊட்டுக் கல்யாணக் கதையை வீடியோ எடுத்து யூடியூப்ல போடேன். நீ சொன்னா நல்லாருக்கும்."

தபித்தாள் அதே லயத்தில் கடைசி வீடு. புருஷன் போய்ப் பதினைந்து வருஷம். கொழுந்து பறித்தே ஒரே மகளை வளர்த்தவள். ஆவணியில் அந்த மகளுக்கு எஸ்டேட்டுச் சின்ன வேதக்கோயிலில் கல்யாணம் நடந்தது. மாப்பிள்ளை குன்னூர். கோயில் வாசலில் குலையோடு இரண்டு வாழை கட்டியிருந்தார்கள். மாப்பிள்ளை வீட்டு வேன் வந்து நிற்கிற நேரத்துக்கு, சோலைக்காட்டுக்குள்ளிருந்து ஒரு காட்டுமாடு இறங்கி வந்து, வாசலை அடைத்து நின்றுகொண்டு, ஒரு வாழையைத் தின்ன ஆரம்பித்தது. உள்ளே பாதிரியார். வெளியே கோட்டுப் போட்ட மாப்பிள்ளை. நடுவில் மாடு. கத்தினால் மிரண்டு பாயும் என்று எல்லோரும் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். மாடு ஒரு பக்கத்தைத் தின்று முடித்து, ஆற அமர அடுத்த பக்கத்துக்குப் போனது.

கதையைப் படம் எடுக்கலாமா என்று கேட்டதற்குத் தபித்தாள் யோசிக்கவே இல்லை. "எடு சுமா. அன்னைக்கு வந்தவங்க நூறு பேரு. மீதி ஊரும் பாக்கட்டும்" என்றாள்.

எடுத்தார்கள். மழை விட்ட ஒரு நாள், தபித்தாள் வீட்டுப் பின்பக்கத்திலிருந்து கோயில் வாசல்வரை சுமலதா நடந்துகொண்டே சொன்னாள். நவநீதன் போனைப் படுக்கவைத்துப் பிடித்தபடி பின்னோக்கி நடந்தான். கத்தி பிடித்த கை, ஆடவே இல்லை. இருபத்தேழு நிமிஷம் வந்தது. நல்ல சிக்னல் தண்ணித் தொட்டி மேட்டில்தான் கிடைக்கும். அங்கே குடை பிடித்து நின்று ஏற்றினார்கள். ஒரு வாரத்தில் நாற்பத்தொரு தடவை பார்க்கப்பட்டிருந்தது.

"அதுல பாதி நானுங்க" என்றாள் சுமலதா.

பிரியா சொன்னாள்: "கதை நல்லாருக்கும்மா. ஆனா இருபத்தேழு நிமிசம் யாரு உக்காந்து பாப்பாங்க? இன்ஸ்டால போடு. ஒரு நிமிசத்துக்குள்ள."

அதே படத்தில் ஒரு நிமிஷத்தை எடுத்து இன்ஸ்டாவில் போட்டார்கள். அங்கே படம் நெட்டுக்குத்தாக நிற்கும் என்பது இருவருக்கும் உறைக்கவில்லை. படுத்திருந்த படத்தின் இரண்டு பக்கமும் வெட்டுப்பட்டு, நடுவில் சுமலதாவின் மூக்கும் கால்வாசிக் கோயில் கதவும்தான் மிஞ்சின.

"ஏனுங்க, மூக்கு மட்டும் பேசுதுங்க" என்றாள் அவள். அன்றைக்கு இருவரும் தொட்டி மேட்டில் நின்று சிரித்த சிரிப்பில் கீழே லயத்து நாய்கள் குரைத்தன.

சிரித்தாலும் நவநீதன் அதை விட்டுவிடவில்லை. மறுநாள் போனை எடுத்து வைத்துக்கொண்டு வாசல்படியில் உட்கார்ந்தான்.

"மாடு எங்க வருது?"

"பதினோராவது நிமிசத்துல."

"அதுக்கு முன்னுக்கு?"

"வாழை."

மத்தியானம்வரை அவன் அசையவில்லை. முகம் முழுசாகத் தெரிகிற இடங்களாகப் பார்த்துப் பொறுக்கி, மாடு வருவது, மாப்பிள்ளை நிற்பது, தேயிலைக்குள் புகுந்து ஓடுவது என்று ஐம்பது நொடியில் ஒட்டிக் காட்டினான். சுருக்கமாகத்தான் இருந்தது. சுமலதா பார்த்தாள். மறுபடி பார்த்தாள்.

"வாழை எங்கீங்க?"

"நீளம். எடுத்துட்டேன்."

அவள் எழுந்து உள்ளே போய்விட்டாள். இரண்டு நாள் அவள் பேசவில்லை. சுமலதா பேசாத லயம் எப்படி இருக்கும் என்று அந்த இரண்டு நாளில்தான் எல்லோருக்கும் தெரிந்தது. அடுத்த வீட்டுக்காரர் வந்து, ஊருக்குப் போயிருக்கிறாளா என்று விசாரித்தார்.

அந்த வாழை சும்மா வாழை இல்லை. மேல்பாறைக் குளிரில் வாழை வளர்வதே பெரும்பாடு. தன் மகள் பள்ளிக்கூடம் முடித்த வருஷம், மேட்டுப்பாளையத்திலிருந்து இரண்டு கன்றைப் பேப்பரில் சுற்றி மடியில் வைத்து பஸ்ஸில் கொண்டுவந்தாள் தபித்தாள். வீட்டுக்குப் பின்னால் நட்டு, உறைபனிக் காலத்தில் சாயங்காலமானால் கொழுந்துச் சாக்கை எடுத்துப் போர்த்திவிடுவாள். காலையில் வேலைக்குப் போகுமுன் எடுத்துவிடுவாள். இரண்டு தடவை கருகிப் போய்ப் பக்கக்கன்று விட்டது. மகள் கல்யாணத்துக்கு வாசலில் கட்ட வாழையைக் கடையில் வாங்க மாட்டேன் என்று ஒற்றைக் காலில் நின்றவள் அவள். காட்டுமாடு தின்றது அந்த வாழையைத்தான்.

மூன்றாம் நாள் வேலை. கொழுந்துப் பையைச் சுமந்துகொண்டு எடை போடும் இடத்தில் காத்து நிற்கையில் சுமலதா தபித்தாளிடம் கொட்டித் தீர்த்தாள்.

"அந்த வாழைய யாரு வளத்ததுன்னு தெரியாம மாடு தின்னா அதுல என்னக்கா இருக்குது? மாடுன்னா திங்கத்தான் செய்யும்."

தபித்தாள் பையை இறக்கி வைத்துவிட்டுக் கழுத்தைத் திருகிக்கொண்டாள். "அது சரி சுமா. ஆனா அந்தக் கதைய நீ எனக்கு எத்தன விதமாச் சொல்லியிருக்க, யோசிச்சுப் பாரு."

"என்னக்கா?"

"என் ஊட்டுக் கதையையே எனக்குச் சொன்னவதான நீ. நெரையில நின்னா காலையிலேருந்து மத்தியானம் வரைக்கும் சொல்லுவ. இங்க எடை போடற எடத்துல, நம்ம பேரு கூப்புடறதுக்குள்ள சொல்லி முடிப்ப. போன மாசம் பஸ்ஸுல போனனே, குன்னூருக்காரி ஒருத்தி ஜன்னலோரம் உக்காந்துட்டு என்னமோ கல்யாணத்துல மாடு வந்துதாமேன்னு கேட்டா. நீ கீழ நின்னுட்டு, பஸ்ஸு எடுக்கறதுக்குள்ள மூச்சு உடாமச் சொன்ன. அப்ப வாழை யாரு வளத்ததுன்னா சொன்ன?"

சுமலதா யோசித்தாள். சொல்லவில்லைதான்.

"அவ பஸ்ஸுல போறவ. அவளுக்கு அது போதும்னு உனக்குத் தெரியும். யாரும் சொல்லிக் குடுத்தாங்களா? அந்த மாதிரி நெனச்சுக்க. அவரு வெட்டுனது தப்பில்ல. நெரையில சொன்னதைப் போயி வெட்டுனாரு பாரு, அதுதான் சரியா வரல. பஸ்ஸுக்கு பஸ்ஸுக் கதையாச் சொல்லோணும்."

எடைக்குப் பேர் கூப்பிட்டார்கள். அன்றைக்கு சுமலதாவின் பை எத்தனை கிலோ இருந்தது என்று அவளுக்கே கவனமில்லை. வீட்டுக்கு வந்ததும் வராததுமாக நவநீதனிடம், "ஏனுங்க, சனிக்கெழம போனை அக்காகிட்டக் குடுத்து உடோணும்" என்றாள். இரண்டு நாளைக்கப்புறம் கேட்ட குரல். எதற்கு என்று அவன் கேட்கவில்லை. சந்தோஷத்தில் அவனே தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தான்.

சனிக்கிழமை தபித்தாள் மகளைப் பார்க்கக் குன்னூர் கிளம்பினாள். மினி பஸ் எஸ்டேட் நிறுத்தத்தில் அரை நிமிஷம்தான் நிற்கும். அவள் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்து, நவநீதன் சொல்லிக் கொடுத்தபடி போனை நெட்டுக்குத்தாகப் பிடித்தாள். கீழே தலைத்துண்டும் மழைக்குக் கட்டிய பிளாஸ்டிக் உறையுமாக, கொழுந்துப் பையைத் தோளில் மாட்டியபடியே சுமலதா.

"கேளுங்க, பஸ்ஸு எடுக்கறதுக்குள்ள சொல்லிப்போடறேன். இந்தக்கா மகளுக்குக் கல்யாணம், கோயில் வாசல்ல எரும கணக்கா ஒரு காட்டுமாடு, கட்டுன வாழையத் திங்குது. மாப்பிள்ள கோட்டும் சூட்டுமா வெளிய நிக்கறாரு. மாடு ஒரு வாழைய முடிச்சுப்போட்டு அடுத்ததுக்குப் போவுது. நேரமாச்சுன்னு மாப்பிள்ளையத் தேயிலைக்குள்ள உட்டுச் சுத்திக் கூட்டிட்டு ஓடறோம். சேத்துல ஒரு ஷூ போயிருச்சு. தேடறோம், கெடைக்கல. மேளகாரன் வாசிக்க ஆரம்பிச்சுட்டான். அப்பறம் மாப்பிள்ள கோயிலுக்குள்ள கால்ல என்னத்தப் போட்டுட்டுப் போனாருன்னா..."

விசில். பஸ் கிளம்பிவிட்டது. சுமலதா இரண்டடி ஓடினாள், எதையோ கத்தினாள், கையால் முழங்கால்வரை காட்டினாள். புகையும் பனியுமாக அவள் சின்னதாகிக்கொண்டே போனாள். ஜன்னலுக்குள் பஸ்ஸே சிரித்த சத்தம் மட்டும் படத்தில் விழுந்திருந்தது.

"கெட்டுப்போச்சுங்க. முடிக்கறதுக்குள்ள எடுத்துட்டான்" என்றாள் சுமலதா, மூச்சு வாங்கிக்கொண்டு.

"போன்?" என்றான் நவநீதன்.

போனும் பஸ்ஸோடு போய்விட்டது.

குன்னூரில் மாப்பிள்ளை அதைப் பார்த்தான். மூன்று தடவை பார்த்தான். "அத்த, இது கெட்டுப்போவல. இப்படியே போடறேன்" என்று சொல்லி, கீழே "அந்த மாப்பிள்ளை நான்தான்" என்று ஒரு வரி எழுதி, அந்தப் போனிலிருந்தே சுமலதாவின் இன்ஸ்டாவில் போட்டுவிட்டான்.

அன்றிரவே தபித்தாள் திரும்பக் கொண்டுவந்து கொடுத்த போனை மறுநாள் காலை தொட்டி மேட்டில் திறந்தபோது, சேதி மேல் சேதியாக வந்து அது நின்று நிதானிக்கவே பத்து நிமிஷம் ஆனது. எங்கெங்கோ இருந்து ஆள்கள். எல்லோரும் கேட்டது ஒரே கேள்வி: கால்ல என்னத்தப் போட்டுட்டுப் போனாரு? ஒருவர் அந்தப் பஸ் டிரைவரை என்ன செய்யலாம் என்று கேட்டிருந்தார். முழுக் கதை யூடியூப்பில் இருக்கிறது என்று பிரியா கோயமுத்தூரிலிருந்து பதில் போட்டுக்கொண்டே இருந்தாள். அந்த நாற்பத்தொன்று நாலாயிரமானது. பிறகு அவர்கள் எண்ணுவதை விட்டுவிட்டார்கள்.

சுமலதாவுக்கு அந்த எண்ணிக்கை பெரிதாகப் படவில்லை. இருபத்தேழு நிமிஷத்தையும் கேட்டவர்கள் எழுதியதைத்தான் நவநீதனை உட்காரவைத்துப் படித்துக் காட்டினாள். அவர்களில் ஒருவரும் மாட்டைப் பற்றி எழுதவில்லை. குவைத்தில் லாரி ஓட்டுகிற ஒருவர் எழுதியிருந்தார்: "வாழைக்குச் சாக்குப் போர்த்துற இடத்துல வண்டியை ஓரமா நிறுத்திட்டேன். மீதியைக் கேட்டுட்டுத்தான் எடுத்தேன்."

"பாத்தீங்களா" என்றாள்.

"பாத்தேன்" என்றான். பிறகு, "அத வெட்டியிருக்கப்படாது" என்றான்.

"நீங்க வெட்டுனதாலதான எனக்குக் கோவம் வந்துது. கோவம் வந்ததாலதான அக்காகிட்டச் சொன்னேன்."

அதற்கப்புறம் இரண்டு பேருக்கும் வேலையில்லாத நாளே இல்லாமல் போனது. லயத்துக்காரர்களும் சொந்தக்காரர்களும் போனில் படம் திறக்காமல் சுற்றிக்கொண்டே இருக்கிறது என்றார்கள். அவர்களுக்கு வாட்ஸ்அப்பில் குரலை மட்டும் அனுப்பினாள் சுமலதா. எடை போடும் இடத்தில் சொல்வது மாதிரி நாலு நிமிஷம், தபித்தாள் குறுக்கே பேசுவதும் சேர்த்து. பேஸ்புக்கில் நவநீதனின் ஹட்டன் சொந்தங்கள் இருந்தார்கள். வேலை நேரத்தில் சத்தம் வைக்காமல் பார்க்கிறவர்கள். அவர்களுக்கு என்ன செய்வது என்று சுமலதாவுக்குப் புரியவில்லை. அதை நவநீதன் எடுத்துக்கொண்டான். கல்யாணப் போட்டோக்களை வரிசையாக ஓடவிட்டு, ஒவ்வொன்றின் மேலும் ஒரு வார்த்தை எழுதினான். வாழை. மாடு. கோட்டு. சேறு. கடைசிப் போட்டோவில் மாப்பிள்ளை கோட்டும் டையும் முழங்கால்வரை கறுப்பு ரப்பர் கம்பூட்ஸுமாகப் பெண்ணின் கையைப் பிடித்து நின்றான். கவாத்துக்காரன் காலிலிருந்து கழற்றிக் கொடுத்த கம்பூட்ஸ். அதன் மேல் நவநீதன் எழுதியது: என்னுடையது.

ஹட்டனிலிருந்து அவன் பார்த்தேயிராத ஒரு சித்தப்பா எழுதினார்: "மகனே, வாய் விட்டுச் சிரிச்சேன். உங்கப்பனும் இப்படித்தான், ஒரு சொல்லுதான் கதைப்பான்."

கார்த்திகை பாதி போயிருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை லயத்து வாசலில் ஒரு ஜீப் வந்து நின்றது. இறங்கியவள் மாலதி. கீழே பள்ளத்தில் சிறு விவசாயிகள் கூடி நடத்துகிற தேயிலைத் தொழிற்சாலைக்கு அவள்தான் தலைவி. சுமலதா கொடுத்த தேத்தண்ணியை ஒரு வாய் குடித்துவிட்டு நேராக விஷயத்துக்கு வந்தாள்.

"ஏலத்துல எங்க தூளைக் கேக்கறவங்க இல்லீங்க. குடோன் ரொம்பிக் கெடக்குது. நாங்களே பாக்கெட் போட்டு விக்கலாம்னு முடிவு பண்ணியிருக்கோம். நல்ல தூளுதான். ஆனா அதச் சொல்றதுக்கு ஆளில்ல. கோயமுத்தூர்லேருந்து ஒருத்தரு வந்து படம் எடுத்துக் குடுத்தாருங்க. டிரோன் எல்லாம் பறக்க உட்டாரு. மலை நல்லாத் தெரியுது. தேயிலை தெரியல. அந்த ஒரே படத்த எல்லா எடத்துலயும் போட்டோம், ஒரு எடத்துலயும் எடுபடல. நீங்க ஒரு வீடியோ பண்ணிக் குடுக்கோணும்."

சுமலதா முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டாள்.

"ஒண்ணு போதாதுங்களே."

"ஏனுங்க?"

"கேக்கறவங்க நின்னுட்டுக் கேக்கறாங்களா, உக்காந்து கேக்கறாங்களான்னு தெரியோணும். நின்னுட்டுக் கேக்கறவங்களுக்கு வேற. சமைச்சுட்டே கேக்கறவங்களுக்கு வேற. சத்தமில்லாமப் பாக்கறவங்களுக்கு," நவநீதனைக் காட்டினாள், "அது இவரு பண்ணுவாரு."

மாலதி இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "அப்ப ரெண்டு பேரும் வாங்க. எஸ்டேட்ல வேலையில்லாத நாலு நாளும். மாசச் சம்பளமாப் போட்டுக்கலாம். சும்மா ஒரு தடவைக்கு இல்லீங்க, வருசம் பூராவும் வேலை இருக்கும். எங்க உறுப்பினருங்க ஒவ்வொருத்தரு தோட்டத்துக்கும் ஒரு கதை இருக்குது."

"எத்தன பேருங்க?"

"முந்நூத்திச் சொச்சம்."

சுமலதா நெஞ்சில் கை வைத்துக்கொண்டாள். முந்நூறு தோட்டம், முந்நூறு கதை, எல்லாவற்றையும் வேரிலிருந்து கேட்கலாம். அவள் முகத்தைப் பார்த்த மாலதிக்குப் பதில் கிடைத்துவிட்டது. நவநீதன், "சரி" என்றான்.

ஜீப் போனதும் அவன்தான் சொன்னான், "அண்ணனுக்குச் சொல்லணும்."

சுமலதாவுக்கு அதுதான் கவலை. ரூம் பார்த்து வைத்து, கம்பெனியில் வாக்குக் கொடுத்துக் காத்திருக்கிறவர். வரவில்லை என்று இவன் ஒற்றை வார்த்தையில் சொல்லி வைத்தால் மனசு முறிந்துபோகும். "நான் வேண்ணாப் பேசட்டுங்களா?" என்றாள். அவன் வேண்டாமென்று தலையசைத்துவிட்டுப் போனை எடுத்துக்கொண்டு தொட்டி மேட்டுக்கு ஏறினான். அவள் மனசு கேட்காமல் பின்னாலேயே போனாள். மழை இல்லை. எதிர் மலையில் பாதிக்கு வெயில் விழுந்திருந்தது.

"அண்ணே, நாங்க வரல. கோவிச்சுக்காத. ஏன்னு சொல்றேன்" என்று ஆரம்பித்தான் நவநீதன். "தபித்தாளக்கா இருக்காங்கல்ல, கடைசி வீடு, அவங்க மேட்டுப்பாளையத்துலேருந்து ரெண்டு வாழக்கன்னு கொண்டாந்தாங்க. பேப்பருல சுத்தி. மடியில வச்சு..."

சுமலதா நின்றுவிட்டாள். அவன் பேசிக்கொண்டே போனான். உறைபனி, சாக்கு, கருகிப்போன கன்று, பக்கக்கன்று. பத்து நிமிஷமாயிற்று, இன்னும் மாடே வரவில்லை. கல்யாணமாகி இருபது வருஷத்தில் அவன் இவ்வளவு பேசி அவள் கேட்டதில்லை. காசு தீர்ந்துவிடுமோ, அண்ணனுக்கு அலுத்துவிடுமோ என்று பயந்து, முன்னால் போய் நின்று, இரண்டு விரலைக் கத்திரிக்கோல் மாதிரி வெட்டிக் காட்டினாள்.

நவநீதன் போனைக் கையால் மூடிக்கொண்டான்.

"ஞாயித்துக்கெழம. அவனுக்கு லீவு" என்றான். பிறகு போனைக் காதில் வைத்து, "எங்க உட்டேன்? ஆங், பக்கக்கன்னு" என்று தொடர்ந்தான்.

அவள் தொட்டியின் கட்டைச்சுவரில் ஏறி அவன் பக்கத்தில் உட்கார்ந்து, மீதியைக் கேட்க ஆரம்பித்தாள்.